தவிலும் நேற்றைய தடமும்

போன வாரம் பதுளையில் அடைமழை. கடையில் புகையிலைச் சிப்பங்கள் அடுக்கியிருக்கும் மூலையில் தகரம் ஒழுகி, ஒரு சிப்பம் முழுக்க நனைந்துவிட்டது. அவிழ்த்து உதறலாம் என்று அதை வாசல் பக்கம் இழுத்து வந்தேன். அந்த நேரம் பார்த்து, யார் வீட்டு நாயோ தெரியாது, சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தது. மேலில் இருந்த மழையில் பாதியை என் வேட்டியில் உதறிவிட்டு, சிப்பத்துக்குப் பக்கத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. ஈர நாயின் வாடையும் ஈரப் புகையிலையின் நெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளேயிருந்து பொன்னி எட்டிப் பார்த்தாள். பொன்னி என் வீட்டுக்காரி.

"என்னங்க, புகையிலையக் கையில வச்சிக்கிட்டு சாமி வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"இங்க வந்து மோந்து பாரு புள்ள."

வந்தாள். மூக்கைச் சுளித்தாள். பிறகு முகம் மாறியது. "தவிலு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனவள், காலையில் மிஞ்சிய சோற்றை ஒரு இலையில் போட்டுக் கொண்டுவந்து அந்த நாய்க்கு வைத்தாள். நாய் என்றால் வாசலோடு விரட்டுகிற பொம்பிளை அவள்.

உங்களுக்குத் தவிலைத் தெரியாது. சொல்கிறேன். இன்றைக்கும் மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை, கடைக்கும் இனி யாரும் வரப்போவதில்லை.

இன்றைக்குப் பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது. நான் சொல்லுகிற காலத்தில் அது பண்டாரவளையோடு நின்றுவிடும். அப்புத்தளைக்கு மேலே, மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் தோட்டம். நான் அங்கே கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். நான் செடியை வெட்டியதைவிட என் காலை வெட்டிக்கொண்டதுதான் அதிகம். எங்களை மேய்க்கிற கங்காணிக்கு என்னைப் பார்த்தாலே எரிச்சல். தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய தொரையின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டபோது, கங்காணி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பங்களா வாசலில் நிறுத்தினார்.

"இவனுக்கு நாய்ன்னா உசுருங்க தொரை" என்றார்.

உசுர்தான். நாய் எதிரே வந்தால் என் உசுர் போய்விடும். அதுவரை நான் நாயைக் கண்டால் சுற்றுவழியில் போகிற ஆள். ஆனால் தொரைக்கு முன்னால் கங்காணியைப் பொய்யர் என்று சொல்ல முடியுமா? தலையை ஆட்டினேன். அன்று சாயந்தரம் நாய்ப்பட்டிக் கதவைத் திறந்து உள்ளே போனபோது, மாரியம்மாளுக்குச் சேவல் விடுவதாக நேர்ந்துகொண்டேதான் காலை எடுத்து வைத்தேன். அந்த நாய்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. நீளக் காதும் தொங்குகிற உதடுமாக வந்து என் காலை மோந்து பார்த்துவிட்டு, சோறு எங்கே என்று கேட்கிற மாதிரி நின்றன.

அவற்றின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் மாட்டுத் தலையும் சேர்த்துப் பெரிய அண்டாவில் வேகவைப்போம். அந்த வாடை உடம்பில் ஏறிவிடும், சோப்புக்கும் போகாது. மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் நான் குளிக்காமல் பொன்னி என்னை லயத்துக் காம்பராவுக்குள், எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள், விடமாட்டாள். மார்கழிக் குளிரில், அப்புத்தளை மலைக்காற்றில், பீலித் தண்ணீரில் நின்று குளித்துப் பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். "அந்த நாய்ங்க தின்னுறதுல பாதி நமக்குக் கெடச்சா ராஜா மாதிரி இருக்கலாம். ஆனா அதுல மாடு கெடக்கே" என்று அவள் பெருமூச்சு விடுவாள்.

நாய்களுக்கு எல்லாம் தொரை இங்கிலீஷில் பேர் வைத்திருந்தார். எங்கள் வாயில் ஒன்றும் நுழையாது. கூட்டத்தில் மூத்த நாய்க்கு நாங்கள் வைத்த பேர்தான் தவிலு. காவி நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. அது குரல் கொடுத்தால் கல்யாண வீட்டில் தவிலை அடித்த மாதிரி மலை அதிரும். அதைவிட முக்கியம், அது சும்மா குரைக்காது. மற்ற நாய்கள் பொய் சொல்லும். முயல் ஓடினாலும் கத்தும், காட்டுக்கோழி பறந்தாலும் கத்தும். தவிலு வாயைத் திறந்தால் மரை போயிருக்கிறது என்று அர்த்தம். மரை என்பது மாட்டுக்கன்று உயரத்தில், கறுத்த பிடரியோடு இருக்கிற பெரிய மான். அந்த ஒரு குரலைக் கேட்டதும் மற்ற நாய்கள் எல்லாம் தங்கள் புளுகை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடும்.

வேட்டை இப்படித்தான் நடக்கும். நாய்கள் காட்டுக்குள் மரையைத் துரத்தும். மரை களைத்துப் போனதும் ஏதாவது ஓடையில் இறங்கி, பாறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளும். நாய்கள் சுற்றி நின்று குரைக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத் தொரை பள்ளத்தில் விழுந்தெழும்பி ஓடி வருவார், கையில் நீளக் கத்தியோடு. அவருக்குப் பின்னால் நாய்க் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான். பாவம் புண்ணியம் எல்லாம் பார்க்கிறதற்கு எனக்கு நேரம் இருந்ததில்லை, மூச்சு வாங்குவதற்கே போதவில்லை.

ஓட முடியாமல் போன நாயைத் தொரை வைத்துக்கொள்ளமாட்டார். பங்களாவுக்குக் கீழே தைல மரங்கள் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போய், தன் கையாலேயே சுட்டுவிடுவார். அன்று மத்தியானம் பங்களாவில் அவர் மேசைக்குப் போன சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வரும் என்று சமையல்கார அப்பு சொல்லுவான். கெட்ட மனுசன் இல்லை. கிழட்டு நாய் பட்டினியும் புண்ணுமாகச் சாவதைவிட இது மேல் என்பது தொரைமாருடைய நியாயம். தோட்டத்தில் வயசானவர்கள்கூட, "எனக்கும் தைல மரத்தடி வந்திரிச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு வேட்டையில், மரை விழுந்து, தோலை உரித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் தவிலு வந்து சேர்ந்தது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தது. வந்ததும் நாக்கைத் தொங்கவிட்டு மண்ணில் படுத்துவிட்டது. தொரை அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாய்க்காரன், இது முடிஞ்சு போச்சு."

"மூக்கு முடியலங்க தொரை" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது. ஆனால் பொய்யில்லை. முந்தின நாள் மரை போன இடத்தைத் தாண்டி வரும்போதெல்லாம் தவிலு மட்டும் நின்று, ஒரு செடியின் அடியில் மூக்கை வைத்து, வாலை மெதுவாக ஆட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஓடாத நாய்க்கு மூக்கு என்னாத்துக்கு?"

"அடிபட்டுத் தப்பிப் போற மரைய மறுநாள் தேடலாங்க தொரை."

அது அவருடைய பலவீனமான இடம். காயத்தோடு தப்பிப் போன மிருகம் எங்கேயோ கிடந்து சாகிறது என்று தெரிந்தால் அவருக்கு இரண்டு நாள் தூக்கம் வராது. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சரி. நேத்து போன தடத்த இன்னிக்குப் புடிக்கணும். அப்படிப் புடிச்சா இருக்கட்டும். புடிக்கலேன்னா..." மீதியைச் சொல்லவில்லை. தைல மரங்கள் இருக்கிற திசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. நாய்க்குத் தடம் பழக்குவது எப்படி என்று எனக்கு என்ன தெரியும்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மரைத் தோல் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போக வேண்டியது. போய் முடிகிற இடத்தில் ஒரு துண்டு இறைச்சியை வைக்க வேண்டியது. கொஞ்ச நேரம் கழித்து நாயைக் கொண்டுவந்து விட வேண்டியது. ஆனால் நானே இழுத்தால் நாய் தோலை விட்டுவிட்டு என் வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும் அல்லவா? அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அதனால் பொன்னியைக் கேட்டேன்.

"செத்த தோல இழுத்துக்கிட்டுக் காட்டுல திரியிறதுக்கா எங்கப்பன் என்ன ஒங்களுக்குக் கட்டிக் குடுத்தாரு?"

"இல்லாட்டி தவில சுட்டுருவாங்க புள்ள."

அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மடித்தாள். "எந்நேரத்துக்கு இழுக்கணும்?" என்றாள்.

அப்படித் தொடங்கியது. தவிலு பிறந்த நாள் முதல் சூடான தடத்தில் ஓடின நாய். மிருகம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், வாசம் காற்றிலேயே மிதந்து வரும், தலையை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தோடு ஓடினால் போதும். ஆறிப்போன தடம் அப்படியில்லை. தனியாக, மெதுவாக, மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். வாழ்நாளெல்லாம் சுடுசோறு சாப்பிட்டவனுக்கு முன்னால் பழைய சோற்றை வைத்த மாதிரி, தோல் இழுத்த இடத்தை ஒரு தரம் மோந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். அது போய் எவ்வளவோ நேரமாச்சே, இதையா தேடச் சொல்கிறாய் என்று கேட்கிற பார்வை.

முதலில் நான் ஓயாமல், "தேடு, தேடுறா, அங்க, அங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் பேசுகிற ஒவ்வொரு தரமும் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துத் தடத்தை விட்டுவிடும். வாயை மூடிக்கொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது. கழுத்தில் நீளக் கயிற்றைக் கட்டி, அது வேகமாகப் போகாமல் பிடித்துக்கொள்வேன். தடத்தை விட்டால் நானும் நிற்பேன், அதுவே சுற்றிவந்து திரும்பப் பிடிக்கிற வரைக்கும் நிற்பேன்.

வாசம் எங்கே தங்கும், எங்கே தங்காது என்பதெல்லாம் நான் அதனிடம் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். புல்மேட்டில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் ஒன்றும் நிற்காது. நெருப்பு வைத்த புல் கருகிக் கிடக்கிற இடத்திலும் நிற்காது. காட்டோரத்தில், பாசி பிடித்த வேருக்கு அடியில், ஈரச் சருகில், வெயில் விழாத பள்ளத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தங்கும். தவிலு மேட்டில் தடத்தை விட்டால், கீழே இறங்கி அந்த மாதிரிப் பள்ளமாகப் பார்த்துப் போய்த் தேடும். ஒரு மாதிரி அலுத்துக்கொண்டே, கடமைக்குப் போகிற கிளாக்கர் நடையில் போகும்.

காலையில் இழுத்த தடத்தைச் சாயந்தரம் பிடித்தது. பிறகு நேற்று இழுத்ததை இன்றைக்குப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் அளந்துவிட்டேன். என் வாய்ச் சவடாலைக் கேட்டு, கங்காணியே ஒருநாள், "இந்த நாயி போன வருசத் தடத்தையும் புடிக்குமாடா?" என்று கேட்டார். கேலி என்றுகூடத் தெரியாமல், "பழக்குனா புடிக்குங்க" என்றேன்.

தொரை பார்க்க வருகிற நாள் வந்தது. முந்தின நாள் அந்தியில் ஒரு மரை காட்டைவிட்டு வந்து புல்மேட்டைக் கடந்து போனதை அவரே கண்ணால் கண்டிருக்கிறார். அந்த இடத்துக்குக் கூட்டிப்போய், "இங்க விடு" என்றார். விட்டேன். தவிலு மோந்தது. மெதுவாகப் பிடித்துக்கொண்டு போனது. தொரையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கொழுந்துக்காரப் பொம்பிளைகள் காலையில் மலைக்குப் போன ஒற்றையடிப் பாதை குறுக்கே வந்தது. அங்கே தவிலு நின்றது. மூக்கைப் பாதையில் வைத்தது. வால் சுழன்றது. அப்புறம் ஒரே இழுப்பு. கிழட்டு நாய்க்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கயிறு கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நானும் தொரையும் பின்னால் ஓடினோம். தேயிலை மலைக்குள் நுழைந்து, கொழுந்து பறிக்கிற நிரைக்குள் புகுந்து, அத்தனை பொம்பிளைகளுக்கும் நடுவே நேராகப் பொன்னிக்கு முன்னால் போய் நின்று, ஓடையில் மரையை மடக்கினால் குரைக்குமே, அந்தக் குரலில் மலை அதிரக் குரைத்தது. கூடைகள் உருண்டன. பொம்பிளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு செடிகளின் மேலேயே ஏறினார்கள். கங்காணி ஒரு கல்லின் மேல் நின்றார், எப்போது ஏறினார் என்று யாருக்கும் தெரியாது. பொன்னி மட்டும் கையில் கொழுந்தோடு அசையாமல் நின்று, "ஏய், என்னா? ஏன் கத்துற?" என்று அதட்டினாள். தவிலு குரைப்பதை நிறுத்திவிட்டு அவள் முழங்காலுக்குக் கீழே நக்கியது.

தொரை சிரித்தார். முகம் செக்கச் செவேல் என்று ஆகிறவரைக்கும் சிரித்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஞாயித்துக்கெழம" என்றார். "தைல மரத்தடி."

அன்று ராவு காம்பராவில் நான் சாப்பிடவில்லை. பொன்னி அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து மோந்து பாருங்க."

"என்னாத்த?"

"என் கால."

புருசன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டுதான் குனிந்தேன். புகையிலை நெடி அடித்தது. எங்கள் மலையில் அட்டை உங்களுக்குத் தெரியும். ஈரத்தில் ஒரு அடி வைத்தால் காலில் ஏறிவிடும். அதற்காகப் புகையிலையை ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்து, மலைக்குப் போகிற ஒவ்வொரு பொம்பிளையும் காலில் பூசிக்கொள்வாள். தோல் இழுக்கக் காட்டுக்குள் போன நாளெல்லாம் பொன்னியும் பூசிக்கொண்டுதான் போயிருக்கிறாள். அது ஒரு பெரிய விசயமாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. காலில் புகையிலை இல்லாமல் மலைக்குப் போவதை எங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. தவிலுக்கு நாங்கள் பழக்கியது மரைத் தடத்தை அல்ல, அட்டை மருந்தை. அது சொன்னபடி கேட்ட நாய். பொன்னி காலின் புகையிலைத் தடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு போய், அந்தக் கால் நிற்கிற இடத்தைச் சரியாகக் காட்டியது.

"சனிக்கெழம வரைக்கும் நாளிருக்கு" என்றாள் பொன்னி. "நாளைக்குப் பூசாமப் போறேன்."

"அட்டை பிச்செடுத்துரும் புள்ள. அதோட, ஒன் கால் வாசம் இருக்குமே, அதுக்கு என்னா செய்யிறது?"

கொஞ்சம் யோசித்தாள். "அம்மன் தேர இழுக்கிற மாதிரி இழுப்போம். ரெண்டு பக்கமும் வடம். சாமிக்கு நேர யாராச்சும் நடக்கிறாங்களா? அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். தோல் நடுவுல வரட்டும்."

அப்படியே செய்தோம். விடிந்ததும், பெரட்டுக்கு முன்னால், நீளமான இரண்டு கயிற்றின் நடுவில் தோலைக் கட்டி, ஆளுக்கு ஒரு நுனியாகப் பிடித்துக்கொண்டு காட்டோரமாக நடந்தோம். பனிமூட்டத்தில் அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. "கல்லு இருக்கு, தூக்குங்க" என்று அவள் சத்தம் வரும், நான் தூக்குவேன். கல்யாணமாகி அவ்வளவு தூரம் நாங்கள் சேர்ந்து நடந்தது அந்த வாரம்தான். திரும்பி வந்து அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கினால், முழங்கால் வரைக்கும் அட்டை. உப்பைத் தொட்டுத் தொட்டு நான் எடுத்துப் போடுவேன், ரத்தம் நிற்காமல் வழியும். அந்தக் காலோடு அவள் பெரட்டுக்குப் போவாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காத நேரம் துடைத்துக்கொண்டேன்.

தவிலுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. புகையிலையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது. அது கிடைக்காமல் போனதும், நின்று, நெடுநேரம் யோசித்த மாதிரி இருந்துவிட்டு, மூக்கை நன்றாகத் தாழ்த்தியது. சனிக்கிழமை காலையில் ஒரு தடத்தை முழுக்கப் பிடித்தது. ஒரே ஒரு தரம். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தரம் பெரட்டுக் களத்தில் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அதே சனிக்கிழமை பகலில், பதுளையிலிருந்து வந்த ஒரு விருந்தாளித் தொரை துப்பாக்கியால் ஒரு மரையைச் சுட்டுக் காயப்படுத்தித் தப்பவிட்டுவிட்டார். ஞாயிறு காலையில் எங்கள் தொரை நாய்ப்பட்டிக்கு வந்தபோது தோளில் துப்பாக்கி இருந்தது, கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் தவிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தொரை, நேத்துத் தப்புன மரைய இது ஒருக்கா தேடட்டுங்க. பெறகு ஒங்க இஷ்டம்."

"மறுபடி ஒன் பொம்பளக்கிட்டப் போகுமா?"

"போனா நானே கயித்தப் புடிச்சி தைல மரத்தடிக்குக் கொண்டாறேங்க."

அவர் முன்னால் நடந்தார்.

சுட்ட இடத்தில் ராவு தூறல் விழுந்திருந்தது. ரத்தம் இருந்த அடையாளமே இல்லை. தவிலு மோந்தது. நகர்ந்தது. நின்றது. புல்மேட்டில் தடத்தை விட்டுவிட்டு, தானாகவே பள்ளத்தில் இறங்கி, ஒரு வேரடியில் திரும்பப் பிடித்தது. அப்புறம் அந்தப் பாதை வந்தது. சனிக்கிழமை அத்தனை பொம்பிளைகளும் போய் வந்த பாதை. தவிலு பாதையின் நடுவில் நின்று மூக்கை வைத்தது. வால் இரண்டு ஆட்டு ஆடியது. மலைப் பக்கம் தலையைத் திருப்பியது. எனக்குக் கூப்பிட வேண்டும் போலிருந்தது, கயிற்றை ஒரு சுண்டு சுண்ட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தவிலு ஒரு தும்மல் போட்டது. பாதையைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சருகில் மூக்கை வைத்து, கிளாக்கர் நடையில் நடக்கத் தொடங்கியது.

ஓடையில், ஒரு பாறையின் மறைவில் மரை படுத்திருந்தது. முன்னங்கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. தவிலு தூரத்திலேயே நின்று ஒரே ஒரு தரம் குரல் கொடுத்தது. தொரை போய் ஒரு குண்டில் அதன் வேதனையை முடித்தார். பிறகு துப்பாக்கியில் மீதியிருந்த தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஈரக் கல்லில் உட்கார்ந்து தவிலின் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாய்க்காரன், இனிமே இவனுக்கு ஞாயித்துக்கெழம கெடையாது."

தோட்டத்தில் இருந்தவரைக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காயப்பட்ட மரையை மட்டுமில்லை, காட்டில் வழிதவறிப் போன நாய்களையும் தவிலு மறுநாள் போய்க் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது. நல்ல நாட்கள்தான் அவை. பீலித் தண்ணீர் மட்டும் அதே குளிரோடு இருந்தது.

பிறகு தொரை சீமைக்கே திரும்பிப் போவது என்று ஆயிற்று. தோட்டத்துக்கு வரப்போகிறவருக்கு வேட்டையில் விருப்பமில்லை. இளம் நாய்களை நுவரெலியாப் பக்கத்துத் தொரைமார் வந்து கொண்டுபோனார்கள். கிழடுகளை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத நாயை உயிரோடு விட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கமில்லை. தவிலுக்கு அப்போது கண்ணும் மங்கிவிட்டது, காதும் போய்விட்டது. ஒருநாள் விடிகிறதற்கு முன்னால் பொன்னி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் அவள் அக்கா இருந்தாள். தவிலு அவளுக்குப் பின்னாலேயே போனது. பட்டிக் கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

மறுநாள் காலையில் தொரை துப்பாக்கியோடு பட்டிக்கு வந்தார். மிச்சமிருந்த இரண்டு கிழடுகளையும் கூட்டிப்போனார். வெடிச் சத்தம் இரண்டும் கேட்டன. திரும்பி வந்தார்.

"தவிலு எங்க?" அந்தப் பேரை அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவரை அவர் வைத்த பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"காணோங்க தொரை. நேத்துலேருந்து காணோம்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். மழை பெய்து காய்ந்த சேறு. அதில் ஒரு பொம்பிளையின் வெறுங்கால் தடமும், பக்கத்திலேயே பின்னங்காலை இழுத்த நாயின் தடமும் பண்டாரவளைப் பாதையைப் பார்த்துப் போயிருந்தன. அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாய்த் தடத்தோடு வாழ்ந்த ஆளுக்கு அது தெரியாமல் இருக்குமா? நெடுநேரம் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்துப் போன தடம்" என்றார். "ஆறிப்போச்சு. இதப் புடிக்கிற நாய் ஒண்ணுதான் இங்க இருந்திச்சு. அதையும் காணோம்னு சொல்றே."

துப்பாக்கியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறிப் போனார். அன்றும் தட்டு அப்படியே திரும்பி வந்தது என்று அப்பு சொன்னான்.

தவிலு அக்காவின் லயத்து அடுப்படிச் சூட்டில் படுத்து, அடுத்த மழைக்காலத்தில், யாரும் பார்க்காத ஒரு நேரத்தில் செத்துப்போனது. பொன்னியின் அக்கா சேதி சொல்லி அனுப்பினாள். அன்று முழுக்கப் பொன்னி அழுதாள், நானும் அழுதேன்.

நாங்கள் தோட்டத்தை விட்டுப் பதுளைக்கு வந்து கடை போட்டுப் பல வருசமாயிற்று. போன வருசம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். நாய்ப்பட்டி இருந்த இடத்தில் புதுத் தொரையின் மோட்டார் வண்டி நிற்கிறது. மரையைப் பற்றிக் கேட்டால் பொடியன்கள் சிரிக்கிறார்கள். நானும் பொன்னியும் தோல் இழுத்த காடு முழுக்க வெட்டித் தேயிலை போட்டாகிவிட்டது. மலை உச்சி வரைக்கும் ஒரே பச்சை, ஒரு புல் இல்லாமல் சுரண்டி வைத்திருக்கிறார்கள். பாசி பிடித்த வேர் இல்லை, சருகு இல்லை, வெயில் விழாத பள்ளம் என்று ஒன்றுகூட இல்லை. இன்றைக்குத் தவிலே எழும்பி வந்தாலும் அங்கே ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. நேற்றுப் போனது எதுவும் இன்றைக்கு அந்த மண்ணில் தங்குவதில்லை.